ஜன்னலைப் பார்த்து நின்றவள்

பூட்டு போடுகிறவள், பூட்டுக்குள் இருப்பவர்களை நம்பி அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கலாமா? நீலசந்திராவிலிருந்து நாள்தோறும் நடந்தே வேலைக்குப் போய்வந்த பிரிஜெட் என்ற வார்டரம்மாவின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது போலத் தெரிகிறது. அவள் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. பதில் தெரிந்தவள் போலவும் நடந்துகொண்டதில்லை.

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் விளிம்பில், ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடம் அது. மதிலை உயர்த்தி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்து, கோர்ட்டில் தண்டனை பெற்ற சிறுவயதுப் பெண்களை அதில் வைத்திருந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊரார் குட்டி ஜெயில் என்றார்கள். பிரிஜெட்டின் புருஷன் ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலை பார்த்தவன். முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த விஷக்காய்ச்சலில் போனான். பிள்ளைகள் இல்லை. தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு, பங்குச் சாமியார் சொல்லிவைத்த இந்த வேலையில் சேர்ந்தாள். முப்பதுகளின் நடுவில் தையல் கூடம் முழுக்க அவள் பொறுப்பு.

இளகிய மனசுக்காரி என்று அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சாப்பாட்டு வரிசையில் பேசினால் தட்டைப் பிடுங்கிவிடுவாள். தப்பியோடப் பார்த்த பெண்ணுக்குக் கிராப் வெட்டுவது அங்கே தண்டனை. காதும் கழுத்தும் தெரியும்படி, தையல் கூடத்துப் பெரிய கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டுகிற கை பிரிஜெட்டுடையது. பெண்கள் அழுவார்கள், கடிக்க வருவார்கள். அவள் தலையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெட்டி முடிப்பாள். தையல் கூடத்தில் அவள் கை படாத தலை குறைவு.

அப்படிப்பட்டவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊசியோ பிளேடோ காணாமல் போனால் மற்ற வார்டர்கள் பெண்களை நிற்கவைத்துத் துணியை அவிழ்த்துத் தேடுவார்கள். பிரிஜெட் தேடமாட்டாள். பெஞ்சின் மேல் ஒரு மூங்கில் கூடையை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஜெபமாலையை உருட்டியபடி மாதாவின் மங்கள வார்த்தை ஜெபத்தைப் பத்து முறை உரக்கச் சொல்வாள். அது முடிவதற்குள் எடுத்தவள் எடுத்ததைக் கூடையில் போட்டுவிட வேண்டும். போட்டவள் யார் என்று பிரிஜெட் பார்க்கமாட்டாள், பிறகு விசாரிக்கவும் மாட்டாள். இந்துப் பெண்களுக்கும் துலுக்கப் பெண்களுக்கும் அந்த ஜெபம் மனப்பாடம். ஆமென் என்று கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

வழக்கம் ஒரு தப்பிலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊசிக்காக அவள் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் உரித்துத் தேடினாள். ஊசி கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றும்போது அது அவளுடைய முந்தானைக் கரையிலேயே குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் அவள் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரையும் தேடியதில்லை, அவ்வளவுதான்.

அன்று காணாமல் போனது ஊசி இல்லை, பெரிய கத்தரி.

பகல் சாப்பாடு முடிந்து பெண்கள் தையல் கூடத்துக்குத் திரும்பியபோது அதை மாட்டும் ஜன்னலோரத்து ஆணி வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டைக்கான நீலக்கோட்டுத் துணி பாதி வெட்டியபடி மேஜைமேல் கிடந்தது. செய்தி உடனே சூப்பரின்டென்டென்ட் மௌரீன் மிஸ்ஸம்மாவுக்குப் போயிற்று. மௌரீன் காக்ஸ் டவுனில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்மணி. சமையல்காரர்களிடமும் ஆயாக்களிடமும் பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. அதில் கட்டளைக்கு மட்டும்தான் இடம். கூடத்தின் வாசலில் வந்து நின்று, உள்ளே ஒரு தலையை நேராகப் பார்த்தாள். புதிதாகக் கிராப் வெட்டிய தலை.

அது ருக்கு. காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். வெள்ளிக் கரண்டியை எடுத்தாள் என்று எஜமானி கொடுத்த புகாரில் வந்தவள். விடுதலைக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது, போன மாதம் என்ன தோன்றியதோ, மதிலேறிக் கண்ணாடிச் சில்லில் கையைக் கிழித்துக்கொண்டாள். பிரிஜெட்தான் அவளுக்கும் கிராப் வெட்டினாள். ருக்கு அழவில்லை. தரையில் விழுந்த முடியைத் தானே பொறுக்கிச் சுருட்டிக்கொண்டு போனாள்.

"மூணு மணி பெல் அடிக்கிறதுக்குள்ள கத்தரி வரணும். வந்தா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். வரலேன்னா அவ பெரிய ஜெயிலுக்கு. வண்டிக்குச் சொல்லியாச்சு," என்றாள் மௌரீன்.

"அவ எடுத்ததை யாரும் பாக்கல, மிஸ்ஸம்மா," என்றாள் பிரிஜெட்.

"வேற யாரு எடுப்பா?"

ருக்கு எழுந்து நின்றாள். "நல்லாத் தேடிக்கோங்க. தலையில ஒளிச்சு வெக்கக்கூட எடம் இல்ல, அதான் வழிச்சுட்டாங்களே நம்ம வார்டரம்மா."

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரிஜெட் சிரிப்பு வந்த பக்கம் பார்க்கவில்லை. பெரிய ஜெயிலைப் பற்றி அவளுக்குத் தெரியும். அங்கே வயதுவந்த பொம்பளைக் கைதிகளோடு ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்த பெண்ணை எந்த வீட்டிலும் பாத்திரம் தேய்க்கக்கூட எடுக்கமாட்டார்கள். எடுத்துக்கொள்கிற இடங்கள் எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். ருக்கு எடுத்தாளா என்பதுதான் தெரியாது. எடுத்திருக்கக்கூடும்.

மௌரீன் போனதும் பிரிஜெட் கூடையை எடுத்தாள். கூட வேலை பார்க்கும் கேத்தரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேத்தரினின் முன்கையில் ஒரு தழும்பு உண்டு. ஒரு பெண் கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக் குத்தியது.

"உனக்கு இன்னா பைத்தியமா? ஊசின்னா சரி. இது கத்தரி. கழுத்துல இறக்கிட்டா இன்னா பண்ணுவே?"

பிரிஜெட் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்து அவளிடம் கொடுத்தாள். "நீ வெளியில நின்னு பூட்டிக்கோ. உள்ள இன்னா சத்தம் வந்தாலும் நான் கூப்பிட்டாத்தான் தொறக்கணும்."

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. பிரிஜெட் கூடையைப் பெஞ்சில் வைத்தாள். ஜன்னலுக்குப் போய்க் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினாள்.

ஜன்னலுக்கு வெளியே மதிலும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரத்தின் தலையும் தெரிந்தன. வழக்கமாக இரண்டாவது ஜெபம் முடிவதற்குள் பின்னால் பெண்கள் உட்கார்ந்து தைக்கும் பாய் சரசரக்கும். இன்று சரசரக்கவில்லை. தையல் மெஷின்கள் நின்றுவிட்டிருந்தன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிரிஜெட் வார்த்தைகளை இழுத்து இழுத்துச் சொன்னாள். பாதிக்கு மேல் போய்விட்டது. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஜெபம் முடிந்தும் கூடை வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாய் சரசரத்தது. வெறுங்கால் தரையில் பதிகிற மெல்லிய சத்தம். அது பெஞ்சுவரை வந்தது. நிற்கவில்லை. பெஞ்சைத் தாண்டி வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மூச்சு பிடரியில் பட்டது. எத்தனையாவது ஜெபத்தில் இருக்கிறோம் என்பது பிரிஜெட்டுக்கு மறந்துபோயிற்று. நிறுத்தினால் எல்லாம் அதோடு முடிந்துவிடும் என்று தோன்றியதால் நடுவில் எங்கேயோ பிடித்துச் சொல்லிக்கொண்டே போனாள். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், யார் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். ஜன்னல் கம்பி உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது.

பிடரியில் இரும்பு பட்டது. சில்லென்றிருந்தது. ஒரு கை அவள் கொண்டையைப் பற்றி இழுத்தது. பெரிய கத்தரியின் ஆணி கொஞ்சம் தளர்ந்திருந்ததால் ஒவ்வொரு வெட்டுக்கும் அது கிறீச்சிடும்; அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ தலைகளின் மேல் கேட்டிருக்கிறாள், காதுக்கு இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. அடர்த்தியான முடி, ஒரே வெட்டில் போகவில்லை. மறுபடியும் மறுபடியும் நறுக்க வேண்டியிருந்தது. பிறகு தலை சட்டென்று முன்னால் விழுந்தது, பிடித்திருந்த கை விட்டுவிட்டதால். கொண்டை காலடியில் விழுந்தது.

காலடிச் சத்தம் திரும்பிப் போயிற்று. கூடையில் இரும்பு விழுந்தது. பாய் சரசரத்தது.

பிரிஜெட் ஜெபத்தை முடித்து ஆமென் என்றாள். யாரும் கூடச் சொல்லவில்லை.

திரும்பினாள். எல்லாத் தலைகளும் துணியின் மேல் குனிந்திருந்தன. ருக்கு ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள், நூல் ஊசிக்காதைத் தவறிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த அறையில் அப்போது நேராகத் தைத்த கை எதுவும் இல்லை. பிரிஜெட் முந்தானையைக் கோயிலில் போடுவதுபோலத் தலைமேல் போட்டுக்கொண்டு, கேத்தரினைக் கூப்பிட்டாள்.

பெல் அடிக்கும்போது மௌரீன் வந்தாள். கூடையில் கத்தரி இருந்தது. மதிலோரத்தில் வண்டியும் வந்து நின்றிருந்தது. ஜன்னலடியில் கிடந்த கொண்டையைக் கேத்தரின்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். மௌரீன் நெருங்கி வந்து பிரிஜெட்டின் முந்தானையைத் தானே விலக்கினாள்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் வெட்டிக்கிட்டேன், மிஸ்ஸம்மா. ரொம்ப நாளாத் தலைபாரம்."

"பின்பக்கம், நீயே, இப்படி?"

"ஆமா, மிஸ்ஸம்மா."

"பிரிஜெட், இது பொய். பேர் சொல்லு."

"கத்தரி வந்துடுச்சு. வந்தா ஒண்ணும் கேக்கமாட்டேன்னு நீங்க பிள்ளைங்க முன்னால சொன்னீங்க."

மௌரீன் முந்தானையை விட்டாள். கெட்டவள் இல்லை அவள். சொன்ன சொல்லைப் பெண்கள் முன் மீறினால் நாளை எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது என்று அறிந்தவள். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. பிரிஜெட்டைச் சம்பளமில்லாத லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தங்கை மகள் அல்போன்சா அவளைப் பார்த்துவிட்டு அழுதாள். நீலசந்திராவில் பேச்சுக் கிளம்பியது. குட்டி ஜெயிலில் பிள்ளைகளே அவளை மொட்டையடித்துவிட்டார்கள் என்று. இனி அந்த வேலைக்குப் போகமாட்டாள் என்றார்கள். போனாலும் முதுகைக் காட்டமாட்டாள் என்று கேத்தரின் அடித்துச் சொன்னாள். பிரிஜெட் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

இதை மன்னிப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் திரும்பி வந்த பிறகும், உத்தரவு வந்தால் அவள் பெண்களுக்குக் கிராப் வெட்டவே செய்தாள். முழங்காலுக்கு நடுவே தலையை இடுக்கிக்கொண்டு, முன்னைப் போலவே. ருக்கு விடுதலையாகி அம்மாவோடு போன நாளில் அவளை வழியனுப்பக்கூட வாசலுக்கு வரவில்லை.

லீவு முடிந்து திரும்பிய முதல் காலை, கத்தரி ஆணியில் தொங்கியது. பிரிஜெட்டின் பிடரியில் முடி ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் கட்டையாகவும், எலி கடித்தது போலக் கிடந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து ஜன்னலைப் பார்க்கப் போட்டாள். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். கத்தரியைத் தோளுக்கு மேலே, கைப்பிடி பின்னால் இருக்கும்படி நீட்டினாள்.

"கோணலா இருக்கு. யாராவது வந்து சமமா வெட்டிவிடுங்க."

கூடம் அசையவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாய் சரசரத்தது. வெறுங்கால்கள் வந்தன. யாரோ கத்தரியை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த காலமெல்லாம் அவள் முடியை வளர்க்கவில்லை. வளர்ந்தபோதெல்லாம் அந்த ஸ்டூலை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள்.