நூற்று அறுபத்திரண்டு எண்கள்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். பதினெட்டு வருடம் கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் கிடந்தவளுக்கு, நாற்பத்தைந்தாம் வயதில் புரோகிராம் எழுதும் பித்துப் பிடித்தது. பிடிக்க வைத்தவன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இணையத்தில் போட்டி. அவரவர் வீட்டிலிருந்தே இருவரும் கலந்துகொள்வார்கள்.

அன்றைய கணக்கு பார்க்கப் பரம சாது. பதினைந்தோடு அதன் இலக்கங்களான ஒன்றையும் ஐந்தையும் கூட்டினால் இருபத்தொன்று. இருபத்தொன்றைக் கொடுத்தால் பதினைந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து வரிசையாகச் சோதிக்கும்படி எழுதி அனுப்பினாள். 'நேரம் கடந்துவிட்டது' என்று பதில் வந்தது; புரோகிராம் விடை சொல்ல அவர்கள் தரும் சில நொடிகள் போதவில்லையாம். அவர்கள் கொடுக்கும் எண்ணுக்குப் பதினெட்டு இலக்கம் வரை இருக்குமாம். அங்கே இங்கே திருத்தி ஆறு முறை அனுப்பினாள். ஆறு முறையும் அதே பதில்.

"லீவு நாள்ல உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?" என்றார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர்.

"காலர் கருகுது, அதைப் பாருங்க."

தம்பி போன் செய்தான். "நான் முடிச்சு அரை மணி நேரம் ஆச்சுக்கா. சொல்லட்டுமா?"

"சொன்னே, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

போனைக் கவிழ்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஓர் இலக்கம் ஒன்பதைத் தாண்டாது. பதினெட்டு ஒன்பது நூற்று அறுபத்திரண்டு. எப்படிக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. அப்படியென்றால் விடை, கொடுத்த எண்ணுக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். இவளோ ஒன்றிலிருந்து கோடி கோடியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சரிபார்க்க இருபதை எடுத்தாள். பதினான்கு பத்தொன்பதைத் தந்தது. பதினைந்து இருபத்தொன்றுக்குத் தாவியது. இருபதுக்கு ஆளே இல்லை.

"விடையே இல்லாததை எல்லாம் ஏன்தான் கேட்டுத் தொலைக்கிறாங்களோ" என்று முணுமுணுத்தபடி கேள்வியை மறுபடி படித்தாள். விடை இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதச் சொல்லிக் கடைசி வரி இருந்தது. அதையும் சேர்த்து அனுப்பினாள். போட்டி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஏற்றுக்கொண்டார்கள்.

நேரம் முடிந்தபின், ஏற்றுக்கொண்ட எல்லா விடைகளையும் புதுப் புது எண்களை வைத்து இன்னொரு முறை சோதிப்பார்கள். அது முடிந்த கையோடு தம்பி மறுபடி கூப்பிட்டான்.

"என்னோடதைத் தள்ளிட்டாங்கக்கா. என்ன தப்புன்னே தெரியல."

"கடைசி வரியைப் படிச்சியா?"

"எந்தக் கடைசி வரி?"

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு அந்த வரியை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.