லவோன் அடைக்க முடியாத வாய்

விஸ்கான்சினில் எங்கள் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிக் கம்பெனிகளுக்குக் கைமாற்றிவிடும் அலுவலகம் ஒன்று உண்டு. நான் அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். முன்மேஜையில் லவோன் ப்ரோக்னாவ். தாளில் அவள் வேலை என்னவோ, உண்மையில் செய்தது பேராசிரியர்களின் வாயை அடைப்பதுதான். விண்ணப்பம் போடுமுன் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவது அவர்கள் வியாதி. வெளியே சொல்லிவிட்டால் காப்புரிமை போய்விடும்; நல்லவேளை, சொன்ன பிறகும் விண்ணப்பிக்கச் சட்டம் ஒரு வருஷம் தவணை தந்திருந்தது.

அந்தத் தவணையையே எடுத்துவிடும் மசோதா ஒன்று வாஷிங்டனில் கிளம்பியது. இயக்குநர் கெசெனிக் பக்கம் பக்கமாக மறுப்பு அனுப்பினார். பதிலே இல்லை.

"அதயெல்லாம் யாரு படிக்கிறா? நாடாளுமன்றத்துல நம்ம தொகுதி உறுப்பினரோட உதவியாளரு பிரெண்டாவ வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக் கூப்பிடுங்க" என்றாள் லவோன்.

வெள்ளிதோறும் எங்கள் ஊர் மதுக்கடையில் மீன் வறுவல் விருந்து நடக்கும்; ஓசி மீன் என்றதும் நானும் போனேன். மாட்டு வைத்தியப் பேராசிரியர் எல்டன் கில்பர்ட்சனும் வந்தார். மடிநோயைப் பாலிலேயே காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டை ஒன்று செய்திருந்தார். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. லவோன் அவரை வாசலிலேயே பிடித்தாள்.

"எல்டன், இன்னிக்கு மீன் திங்க மட்டும்தான் வாயத் தொறக்கணும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா மிட்டாய் குடுத்து அடக்கிருவேனே."

எல்டன் இரண்டாவது பிராந்தியில் இருந்தபோது, பக்கத்து மேஜைப் பண்ணைக்காரர் தன் மாட்டைப் பற்றிப் புலம்பினார். எல்டன் தட்டுக்கு அடியிலிருந்த காகித விரிப்பை உருவினார். பட்டையை வரைந்து, அதில் தடவும் எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம் என்பது வரைக்கும் விளக்கினார். சுற்றிலும் கூட்டம். கெசெனிக் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். லவோன் முகம் வெந்த முட்டைக்கோஸ் போல ஆனது.

"என்னாச்சு, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் பிரெண்டா.

"இப்ப ஒண்ணும் ஆகலம்மா. ஒரு வருஷம் இருக்கு, திங்கக்கிழமையே போட்டுருவோம். உங்க மசோதா சட்டமாகியிருந்தா, நீங்க அந்த மீனத் தின்னு முடிக்கறதுக்குள்ள இவரு உரிமை போயிருக்கும்" என்றாள் லவோன்.

"பேசினதுக்கேவா?"

"பேசினதுக்கேதான்."

பிரெண்டா எல்டனைப் பார்த்தாள். அவர் இன்னும் வரைந்துகொண்டிருந்தார்.

"இவர மாதிரி எத்தன பேரு இருக்காங்க?"

"எங்கள்ல இவருதான் வாயில்லாப் பூச்சி."

மசோதா மறுபடி வந்தபோது தவணை அப்படியே இருந்தது. மீன்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். லவோன் பண்ணுவாள்.

அவள் ஓய்வு பெற்று அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வாயை அடைக்க இப்போது கம்ப்யூட்டர் மின்னஞ்சல் அனுப்புகிறது; எல்டன் அதைத் திறப்பதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டாவது பிராந்திக்குப் பிறகு இன்றும் விரிப்பை உருவுகிறார். பேனாவை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறார். அதட்ட யாரும் வருவதில்லை. வரையாமலே மடித்து வைத்துவிடுகிறார்.