தூக்குமேடையில் ஒரு பொன்னாடை

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இங்கிலாந்தில் துரத்தப்பட்ட ராஜ வம்சம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த காலத்துச் சோக நாடகம். ஊரைச் சுரண்டும் சபைப் பெரியவர்கள், அவர்களுக்கு எதிராக ஒரு சதி, கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கும் நண்பன், கடைசியில் தூக்குமேடை. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பலர் அரசனுக்கு ஐஸ் வைக்கும் முன்னுரை இல்லாமல் நாடகத்தைத் தொடங்கமாட்டார்கள். வகுப்பில் அவர்களைக் கிழிகிழி என்று கிழிப்பேன். எங்கள் விழா அழைப்பிதழில் தாளாளர் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்ததும் நானேதான்.

தூக்கில் ஏறும் சதிகாரனாக நடித்தது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. சென்னிமலைப் பக்கத்துக் கிராமம். தாளாளருக்குச் சொந்தமான சாயப்பட்டறை அந்த ஊருக்கு மேல்பக்கம் இருந்தது. அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு என்று தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாக மொட்டையாகி நின்றன.

"கடைசிப் பேச்சை மட்டும் தமிழ்ல பேசட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள். அவளே மொழிபெயர்த்து எழுதி வந்தாள். மூலத்தில் சபைக்காரர்கள் வீட்டைக் கொள்ளையடிப்பார்கள். இவள் எழுதியதில் கிணற்றையும் சேர்த்துக் கொள்ளையடித்தார்கள். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வரி வெட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் ஊரில் யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. உட்காரவைத்து, காபி கொடுத்து, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று விசாரிப்பார்கள். மிரட்டல் என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

"ஏனுங்க மேடம், நாடகத்துல கெணறு, தண்ணின்னு என்னமோ வருதாமுங்களே? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்க படிச்சவங்க, பாத்துச் செஞ்சுபோடுங்க."

"சரிங்க சார்" என்றேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஒத்திகையில், இன்னும் சத்தமாகப் பேசு கண்ணு என்று உசுப்பேற்றினேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற திறமை எனக்கு நன்றாகவே இருந்தது.

விழாவன்று தாளாளர் வர நேரமாகும் என்றார்கள். நாடகத்தைத் தொடங்கிவிட்டோம். பெற்றோர்கள் கைப்பேசியில் பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். பெரியவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. கழுத்தில் கயிறோடு அவள் மேடை விளிம்புக்கு வந்து வாயைத் திறக்கும் நேரம் தாளாளர் உள்ளே நுழைந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அரங்கம் முழுக்க விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கல்லூரி முதல்வர் நாடகத்தின் நடுவே புகுந்து மைக்கைப் பிடித்தார். மாண்புமிகு, கொடைவள்ளல் என்று நான் எழுதிக் கொடுத்ததை ஒன்று விடாமல் படித்தார்.

எங்கள் ஊர் விழாவில் உயிரே போனாலும் பொன்னாடை நிற்காது. மாணவர்கள் சார்பில் யாராவது போர்த்தினால் நன்றாக இருக்கும் என்று முதல்வர் என் காதைக் கடித்தார். மேடையில் பக்கத்தில் நின்றது அவள்தான். பொன்னாடையை அவள் கையில் கொடுத்தேன்.

"போத்திடு கண்ணு, ரெண்டே நிமிசம். அப்புறம் நீ பேசலாம்."

என்னைப் பார்த்தாள். பிறகு கழுத்துக் கயிறோடு போய் அவருக்குப் போர்த்தினாள். அவர் அவள் தலையில் கைவைத்து, "நல்லாருக்கோணும் அம்மணி" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அவள் பழைய இடத்துக்கு வந்து நின்று மூச்சை இழுத்தாள். அப்போது ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து நான் கையசைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாட்டுப்பண் ஒலித்தது. அது தொடங்கினால் விழா முடிந்தது என்று அர்த்தம், அதன் நடுவே யாரும் பேசவும் முடியாது. தேசபக்தியை எடுத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்த கெட்டிக்காரி நான். அவள் கயிறோடு விறைப்பாக நின்றாள், கடைசி வரைக்கும் பாடினாள்.

மேடைக்குப் பின்னால் நானே வலியப் போய், நேரமாகிவிட்டது என்று ஏதோ உளறினேன்.

"பரவால்லீங்க மேடம்" என்றாள், கயிற்றைக் கழற்றியபடி. "நீங்க மட்டும் வேற என்னங்க பண்ணுவீங்க?"

கோபத்தில் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுச் சொன்னாள். திட்டியிருந்தால், திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவள் வழி விடவில்லை.