ஹார்வர்டுக்கு ஒரு செபம்

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல இருந்தது நாலு பேரு. அம்மா, ஏழு மாசக் கர்ப்பிணியா மதினி, பதினேழு வயசுல நான், செபம் முடியட்டும்னு வாசப்படியிலயே நின்ன பலசரக்குக் கடை அண்ணாச்சி.

அப்பா தோணியில கொழும்புக்குப் போயிருந்தாங்க. அண்ணன் விமானப்படையில மெக்கானிக், ஐதராபாத் பக்கம்.

காத்து திரும்பி, சங்கு குடோன்ல இருந்து அழுகின சதை வாடை வீடு பூரா அடிச்சுது... இன்னைக்கும் அந்த வாடை வந்தா எனக்கு உக்கார முடியாது. எந்திரிச்சு நடக்கணும்.

எங்க வீட்டுச் செபத்துல கடலுக்குப் போன ஆளு பேரைச் சொல்ல மாட்டோம். தோணி பேரைத்தான் சொல்லுவோம். தோணி கரை சேந்தா ஆளும் சேந்தான்னு கணக்கு. அப்புறம் அது தொடுற துறைமுகம் ஒவ்வொண்ணையும் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே. எந்தத் தோணி என்னைக்குப் போச்சு, என்னைக்கு வந்துச்சுன்னு நோட்டுல எழுதி வைக்கது என் வேலை. அஞ்சாப்போட பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிட்டாங்க... மிச்ச எழுத்தெல்லாம் அண்ணன் விட்டுட்டுப் போன புத்தகத்தையும் அட்லஸையும் வச்சு நானாப் படிச்சது.

அண்ணன் ஒரு கடிதாசியில எழுதியிருந்தான். "நான் வேலை பாக்குறது ஹார்வர்ட் விமானம். மஞ்சக் கலரு. முன்னால படிக்கிறவன், பின்னால வாத்தியாரு. கிளம்புனா ஊரே காதைப் பொத்தும். கனடா, தென் ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, பிரேசில், போர்ச்சுகல்னு ஓடாத நாடு இல்ல. அத்தனை நாட்டு விமானப்படைப் பயலுவளும் பறக்கப் படிச்சது இதுலதான்."

அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தோணி பேரு என்னளா?"

"ஹார்வர்ட்மா."

அன்னையில இருந்து அப்பா தோணிக்கு அடுத்து ஹார்வர்ட். அப்புறம் கனடா, தென் ஆப்பிரிக்கா... நான் வரிசையா வாசிக்க, அம்மாவும் மதினியும் மரியே சொல்லுவாங்க. போர்ச்சுகல் வந்தா மட்டும் அம்மா குரல் கொஞ்சம் உசரும். மாதா கோயில் கட்டினவங்க ஊராச்சே.

அண்ணாச்சி கையில அன்னையப் பேப்பர். "ஏளா, இங்கன ஏதோ பிளேனுன்னு போட்டிருக்கான். உங்க அண்ணன் சோலியில்லா அது? எனக்குக் கண்ணு தெரியல, வாசி."

சத்தமா வாசிச்சேன். தென் அமெரிக்காவுல ஒரு ஹார்வர்ட் பயிற்சி விமானம் விழுந்துட்டு. உள்ள இருந்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க.

அம்மாதான் கேட்டா, "பிரேசில் அங்கனதான இருக்கு?"

ஆமான்னேன். அட்லஸ்ல பாத்து வச்ச ஆளு நானாச்சே.

அண்ணன் கடிதாசி வந்து இருபத்திரெண்டு நாளு ஆயிருந்துச்சு. 'அடுத்த மாசம் வேற இடம் மாத்தலாம்'னு கடைசி வரியில எழுதியிருந்தான். தோணி போற இடத்துக்கு ஆளும் போவான்... எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். அம்மா மதினியப் பாத்தா. மதினி சுவரைப் பாத்தா.

அண்ணாச்சிதான் தந்தி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. "வாசிக்கச் சொன்னது என் தப்புளா"ன்னு வழியெல்லாம் புலம்பினாரு. பதிலுக்கும் சேத்துக் கட்டுற தந்தி. இங்கிலீஷ்ல நானே எழுதினேன். 'விமானம் விழுந்ததா. உடனே பதில்.'

மறுநாள் மதினி முத்தத்தை மூணு தடவை பெருக்கினா. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா.

"உக்காரேன் மதினி."

"உக்காந்தா இவன் உதைக்கான்."

அம்மா யாரையும் அழ விடல. "தோணிக்காரன் சொல்லட்டும், அதுக்கப்புறம் அழலாம்." ஆனா சோத்துப் பானைய அடுப்புல வச்சிட்டு அரிசி போட மறந்தது அவதான்.

மத்தியானம் தந்தி வந்துச்சு. அவசரமாப் பிரிச்சதுல ஓரம் கிழிஞ்சிட்டு.

'நலம். எந்த விமானம்?'

மதினி சிரிச்சிட்டா. அப்புறம் பெருக்குமாறத் தூக்கி எறிஞ்சா. "வரட்டும் அவிய. எந்த விமானமாம்லா..."

அடுத்த வாரம் கடிதாசி. "ஏளா, இது நம்ம அப்பா தோணி இல்ல. ஒரே மாதிரி செஞ்சு தேசம் தேசமா அனுப்பியிருக்கான். எங்க மைதானத்துலயே வரிசையா நிக்கு. பிரேசில்ல நிக்கிறது வேற, இங்க நிக்கிறது வேற. நான் ஐதராபாத்தத் தாண்டினது கிடையாது."

வாசிச்சு முடிச்சேன். அம்மா சொன்னா.

"அப்பம் விழுந்தது வேற வீட்டுத் தோணி."

"ஆமாம்மா."

"அங்கனயும் ஒருத்தி தந்தியப் பிரிச்சிருப்பால்லா."

இனிமே அந்த நாடெல்லாம் வேண்டாம், விட்டுருவோம்னு நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கல. அன்னைக்குச் சாயங்காலம் பிரேசிலுக்கு ரெண்டு மரியே சொல்ல வச்சா.

அந்த வரிசை இன்னும் என் வாயில இருக்கு. ஹார்வர்ட் பறக்கிறத நிறுத்தி எவ்வளவோ காலம் ஆச்சு. அம்மா, அப்பா, மதினி மூணு பேரும் போயிட்டாங்க. அன்னைக்கு வயித்துல உதைச்ச பய கனடாவுல வீடு வாங்கி, அண்ணனையும் கூட்டிட்டுப் போயிட்டான். நாங்க கும்பிட்ட துறைமுகத்துக்கு அண்ணன் ஒரு வழியாப் போய்ச் சேந்தான்... எண்பது வயசுல.

தினமும் காலையில 'எந்திரிச்சிட்டேன்'னு வாட்ஸப்ல போடுவான். ஞாயித்துக்கிழமையில இருந்து வரல. நான் போட்டதும் ஒத்தை டிக்கோட நிக்கு. அண்ணன் மகன் போனு மணியடிக்கு, எடுக்கல. சார்ஜ் இருக்காது, ஊருக்குப் போயிருப்பாங்கன்னு என் மக சொல்லுதா. இருக்கும். அன்னைக்குத் தந்திக்கு ஒரு ராத்திரி அரைப் பகல். இன்னைக்குப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு நாலு நாளு... காலையில இருந்து முத்தத்த ரெண்டு தடவை பெருக்கிட்டேன்.

இந்தக் குரூப்புல கனடாவுல இருக்கிற யாராவது அவங்க வீட்டுப் பக்கம் போனா, ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க.

அண்ணே, நீ இதப் பாத்தா சீக்கிரம் பதில் போடு. நலம்னு ஒரு வார்த்தை போதும்.