நாற்காலியின் இடது கை

ரெஜ் ஹெம்மிங் ஒரு நாடகக்காரர் பெயரால் காட்டும் வீட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. ஊரே நானூறு வருஷத்துக்கு முந்திய அந்த நாடகக்காரரை வைத்துத்தான் பிழைக்கிறது. கறிக்கடை, கேக் கடை, படகுத்துறை எங்கே போனாலும் அவருடைய ஏறு நெற்றிப் படம்தான் தொங்கும். ஊர்க்காரர்கள் அவரைப் பெயர் சொல்வதில்லை, நம்மாளு என்பார்கள். கையுறை தைத்தவர் மகன். லண்டன் போய் நாடகம் எழுதி நாலு காசு பார்த்தார். திரும்பி வந்து பெரிய வீடு வாங்கினார், ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். ரெஜ்ஜுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எழுதினது அவரு, ஒழுகுறதை அடைக்கிறது நான்" என்பார்.

நம்மாளு பெயரால் காட்டப்படும் வீடுகளில் ரெஜ் பார்த்துக்கொண்டதுதான் ஆகச் சின்னது. கோணல் மரச்சட்டம், நெற்றியில் இடிக்கும் நிலை, செங்குத்தான படி. மாடியறையில் சன்னலோரம் ஒரு ஓக் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் அவர் எழுதினார் என்பது ஊர்ப்பேச்சு. சுற்றிக் கயிறு கட்டியிருந்தாலும், நாற்காலியின் இடது கை மட்டும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத் தடவிவிட்டுப் போவார்கள். சிலர் முத்தமிட்டதும் உண்டு. அந்த நேரத்தில் ரெஜ் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்கிவிடுவார்.

அந்தக் கை அவர் செய்தது.

எண்பத்தாறு ஜனவரி. வருஷா வருஷம் அந்த மாதத்தில் வீட்டைப் பூட்டி, சாமான்களை எல்லாம் கீழே இறக்கிச் சுத்தம் செய்வார்கள். எந்தச் சாமானையும் இரண்டு பேர்தான் தூக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டாளி குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டப் போயிருந்தான். ரெஜ் தனியாகத் தூக்கினார். படித் திருப்பத்தில் நாற்காலியின் இடது கை சுவரில் தட்டியது, மொடுக்கென்று கழன்று வந்துவிட்டது. உள்ளே உளுத்து மாவாகிக் கிடந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் கார் கம்பெனி ஆளைக் குறைத்து அனுப்பியதில் பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்து, அப்புறம் கிடைத்த வேலை இது. மனைவி மேவிஸ் வயிற்றில் ஆறு மாதம். ரெஜ் சொல்லவில்லை. தெருக்கோடி பப்பில் பழைய பெஞ்சு ஒன்றை உடைத்து வெளியே போட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து வந்து இழைத்து, கட்டித் தேயிலைச் சாயமும் அடுப்புக்கரியும் ஏற்றி, ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்து மாட்டினார். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. உடைந்த கையைச் சாக்கில் சுற்றித் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்தார்.

இருபத்தொன்பது வருஷம் ஓடியது. ஓய்வுக்கு நாலே மாதம் பாக்கி இருக்கும்போது, நாற்காலியை டோக்கியோ கண்காட்சிக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. அனுப்புமுன் மரத்தைச் சோதிக்க வியாழக்கிழமை ஆள் வருகிறார். அவர் பார்த்தால் கை வேறு மரம் என்று தெரிந்துவிடும். அந்த வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது ரெஜ் ஒருத்தர்தான். அசலைத் திருடி விற்றவன் என்று பெயர் வரும், ஓய்வூதியத்திலும் கை வைக்கலாம்.

செவ்வாய் சாயங்காலம் மேவிஸிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள்.

"சாக்குல சுத்தி வச்சிருந்தியே, வளைஞ்ச கட்டை, அதுவா?"

"நீ பார்த்தியா?"

"பார்க்கறதாவது. பத்து வருஷமா கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறதே அதுதான்."

ரெஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"உக்காந்து என்ன பண்ணப்போற? அவங்களா கண்டுபிடிச்சா நீ திருடன். நீயா போய்ச் சொன்னா வெறும் முட்டாள். உனக்கு எது வசதி?"

புதன் காலை கட்டையைக் கழுவித் துடைத்து, மீன் வாங்குகிற பையில் போட்டு எடுத்துப் போனார். காப்பாளர் மிஸ் லோம் நாற்பது வயசுக்காரி, சிரிப்பதே அபூர்வம். ரெஜ் கட்டையை மேசைமேல் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுந்துபோய்ப் பழைய தோல் அட்டைப் பதிவேட்டை எடுத்து வந்தாள்.

"சோதனைக்கு ஆள் வர்றாரேன்னு போன வாரம்தான் இதைத் தேடிப் பிடிச்சேன். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தினாலு, நாலு காலும் புதுசு. தொண்ணூத்தொண்ணு, முதுகுப் பலகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூணு, ரெண்டு கையும், தச்சர் ஷெப்பி. நீங்க உடைச்சது ஷெப்பியோட கை, ரெஜ்."

"அப்ப இதுல நம்மாளு எங்கம்மா இருக்காரு?"

"உட்கார்ற பலகை மட்டும் பழசா இருக்கலாம். அதுவும் அவரோடதுதான்னு எழுத்துல எதுவும் இல்ல."

"உட்கார்றதுக்கு அது போதுமே."

மிஸ் லோம் சிரித்துவிட்டாள். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"உடைஞ்சது பெரிசில்ல. ஷெப்பி செஞ்சதை எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். நீங்க எழுதலை. எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு தருவேன், வாங்கிக்குங்க."

"பென்ஷன்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பேனாவை நீட்டினாள். ஷெப்பி பெயருக்குக் கீழே ரெஜ் எழுதினார்: இடது கை, 1986 ஜனவரி, பப் பெஞ்சுக் கட்டை, ரெ. ஹெம்மிங். கோணல்மாணலாக இருந்தது கையெழுத்து. ஷெப்பி கட்டைக்கும் ஒரு எண் போட்டு, நாடாவில் சீட்டுக் கட்டினார்கள்.

சோதிக்க வந்தவரும் பதிவேடு சொன்னதையே சொன்னார். நாற்காலி டோக்கியோ போகவில்லை, சரக்கறைக்குப் போனது. இந்தத் தடவை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினார்கள். முன்பக்கம் பிடித்தவர் ரெஜ்.

மாடியறையில் நின்று வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் டாட் பார்ஜெட்டருக்குத்தான் ஆறவில்லை. இருபது வருஷமாக அந்த நாற்காலியைக் காட்டியே பேசியவள்.

"போன கோடையில ஒரு கனடாக்காரர் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருய்யா. நான்தான் காகிதக் கைக்குட்டை கொடுத்தேன். பப் பெஞ்சுக்கா நான் கைக்குட்டை கொடுத்தேன்?"

"அந்தப் பெஞ்சுல உக்காந்தும் நிறையப் பேரு அழுதிருக்காங்க, டாட்."

"வாயை மூடு."

பிப்ரவரியில் வீடு திறந்தது. வந்தவர்கள் மாடியில் வெறும் இடத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, சன்னல் பலகையைத் தடவ ஆரம்பித்தார்கள். ரெஜ் அதைப் பார்த்துவிட்டு டாட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது தொண்ணூத்தெட்டுல நான் போட்டது. நோட்டுல எழுதியிருக்கு, போய்ப் பாரு."

டாட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"சன்னல் பலகை புதுசுங்க. போட்ட ஆளு இதோ வாசல்ல நிக்கிறாரு."

எல்லாரும் திரும்பி ரெஜ்ஜை ஒருமுறை பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகப் பலகையைத் தடவிவிட்டுத்தான் இறங்கினார்கள்.