நூற்றிருபதில் ஒன்று

என் நாத்தனார் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு மூட்டைப் புத்தகமும் கொண்டுவந்தாள். எல்லாம் அரசு வேலைத் தேர்வுக்கான புத்தகங்கள். ஏன் வந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, என்னைவிட ஒரு வயது இளையவள். திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் எங்களுக்கு ஒரு டிபன் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆசிரமத்துக்கு வருகிறவர்களும், பக்கத்து அறைகளில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும், ஆட்டோக்காரர்களும் எங்கள் இட்லிக்கு வருவார்கள்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நான் வெங்காயம் உரிப்பேன். அவள் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். கேள்வியைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றாள். நான் பி.ஏ. தமிழ் படித்தவள், கணக்குக்குப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியாயிற்று. ஆனாலும் படித்துச் சொன்னேன். ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்துகளும் மூன்று நீலப் பந்துகளும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது நீலமாக இருக்க என்ன வாய்ப்பு? பக்கம் பக்கமாக இதே மாதிரிதான். பைக்குள் பந்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது யாருடைய வேலை என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்காகவே தினமும் படித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது.

அது வாழ்க்கைக்கு உதவும் என்று முதலில் தெரிந்தது ஒரு பௌர்ணமிக்கு. பௌர்ணமி என்றால் கிரிவலம் வருகிற கூட்டம் எங்கள் வாசலில் அலைமோதும். மழை பெய்தால் பாதிகூட வராது. முந்தைய நாளே அரிசி ஊறப் போட வேண்டும். போனில் பார்த்தால் மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு என்று காட்டியது. என் வீட்டுக்காரர், ஒன்று மழை வரும், இல்லை வராது, ரெண்டில் ஒன்றுதானே, அதனால் பாதி அரிசி போடு என்றார்.

"ரெண்டு விதமா நடக்கலாம்ங்கிறதால அது சரிபாதி ஆயிடாதுண்ணா," என்றாள் நாத்தனார். "இப்ப நம்ம கடைக்குள்ள ஒரு யானை வரலாம், வராமலும் போலாம். அதுவும் ரெண்டுல ஒண்ணா?"

பிறகு என்னிடம் திரும்பி, மாவு மிஞ்சினால் என்ன செய்வோம் என்று கேட்டாள். மறுநாள் ஊத்தப்பம் ஆகும், அதற்கு மறுநாள் பணியாரம் ஆகும் என்றேன். மாவு பற்றாமல் போனால்? வந்தவர்கள் பசியோடு போவார்கள், அடுத்த பௌர்ணமிக்கு வேறு கடையில் உட்காருவார்கள். மழை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எது தப்பினால் நமக்கு நஷ்டம் ஜாஸ்தி என்பதையும் அதோடு சேர்த்துப் பெருக்க வேண்டும், அதற்குத்தான் புத்தகத்தில் எதிர்பார்ப்பு மதிப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றாள். அதனால் நிறையவே ஊறப் போட்டோம். அந்தப் பௌர்ணமிக்கு நல்ல மழை. மூன்று நாள் பணியாரம் சுட்டேன். என் வீட்டுக்காரர் தங்கையைக் கேலி செய்து தீர்த்தார். அவள் அசரவில்லை. ஒரு தடவை தப்பியதற்காகக் கணக்கு தப்பாகிவிடாது, வருடம் முழுக்க இப்படியே போட்டுப் பார்ப்போம் என்றாள். வருடம் முழுக்க அப்படியே போட்டோம். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. கல்யாணமாகி எட்டு வருடம். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. எனக்கு முப்பத்தாறு வயது. மூன்றாம் மாதம் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றிருபதில் ஒன்று, இதை ஹை ரிஸ்க் என்று சொல்வோம் என்றார். இன்னொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அதுவும் முழு உறுதி தராது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அதில் கரு கலைகிற அபாயம் கொஞ்சம் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஹை ரிஸ்க் என்ற சொல்தான் காதில் நின்றது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன். என் மனதில் அது அப்போதே முடிந்துபோன விஷயம். குழந்தைக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு மூட்டை வேர்க்கடலை இருந்தது. என் மாமியார் கீழ்பென்னாத்தூர் நிலத்தில் விளைந்ததை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். நாத்தனார் கடலையை எண்ணி ஒரு மஞ்சள் பையில் போட்டாள். நூற்றிருபது. அதில் ஒன்றின் மேல் நீலப் பேனாவால் கோடு கிழித்திருந்தாள். நூற்றுப்பத்தொன்பது சாதாரணக் கடலை, ஒன்று மட்டும் கோடு போட்டது என்று சொல்லி, பையைக் குலுக்கி என் முன்னால் வைத்து, பார்க்காமல் ஒன்றை எடுக்கச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் குழந்தையை வைத்து விளையாடுகிறாளா என்று இருந்தது. அவள் பையை எடுக்கவில்லை, காத்திருந்தாள். கடைசியில் கையை விட்டேன். சாதாரணக் கடலை. திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி இன்னொரு தடவை. அதுவும் சாதாரணக் கடலை. எத்தனை தடவை எடுத்தேன் என்று தெரியாது. கோடு போட்டது வரவேயில்லை. அது உள்ளே இருக்கிறதா என்றே சந்தேகம் வந்து பையைத் தரையில் கவிழ்த்தேன். இருந்தது.

"வராதுனு நான் சொல்லல அண்ணி," என்றாள். "அது எவ்ளோ கம்மினு உங்க கைக்குத் தெரியணும். கம்மின்னாலும் உள்ள இருக்குதுனும் தெரியணும்."

அடுத்த இரண்டு நாள் ஊசியைப் பற்றித்தான் பேச்சு. என் வீட்டுக்காரர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். எடுத்துக்கொள் என்றோ வேண்டாம் என்றோ நாத்தனாரும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். குழந்தைக்கு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று. நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. பெற்றுக்கொள்வேன் என்றேன். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். அப்படியானால் அந்த ஊசி சொல்லப்போகிற பதில் எதை மாற்றும் என்று கேட்டாள். இரண்டு கருவை இழந்தவளுக்கு மூன்றாவதை இழக்கும் வாய்ப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் பாரம் பெரியது. வேறு ஒருத்திக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக வரும், அதுவும் சரிதான். எனக்கு இப்படி வந்தது. ஊசியும் வேண்டாம், இன்னொரு இரத்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவரும் மறுப்பு சொல்லவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. வாய்ப்பு இன்னும் குறைந்திருக்கும் என்றாள் நாத்தனார். புதுச் செய்தி வந்தால் பழைய கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம். நான் அந்த மாதங்களை நிம்மதியாகக் கழித்தேன். மலையைப் பார்த்தபடி மாவாட்டினேன், நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அந்த நிம்மதிக்கு இன்றும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை என்னிடம் கொடுக்கும் முன்பே டாக்டரம்மாவின் முகத்தில் ஏதோ தெரிந்தது. கண்ணின் அமைப்பு, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை, துணி மாதிரித் துவண்ட கைகால். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. கோடு போட்ட கடலை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று நாத்தனாரை நான் பேசியது கொஞ்சமல்ல. அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நூத்திப்பத்தொம்போதுனு சொன்னியே," என்றேன்.

"சொன்னேன் அண்ணி. ஒண்ணுனும் சொன்னேன்."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். அழுதுகொண்டே குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் எனக்கு ஒருபோதும் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் ஆகாது என்று ஊரே சொன்னபோது, உள்ளே இருக்கிறது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் சில நாள் கடையைத் திறக்கவில்லை. ஊசி போட்டிருக்க வேண்டும், நாம்தான் தப்பு செய்துவிட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாத்தனார் அண்ணனிடம் பொறுமையாகப் பேசினாள். முடிவு எடுத்த அன்றைக்கு நமக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் அந்த முடிவு சரியா தப்பா என்று பார்க்க வேண்டும், பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்துப் பார்க்கக் கூடாது என்றாள். அவர் மறுநாள் கடையைத் திறந்தார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மாமியார் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, "இன்னா பாவம் பண்ணோம்னு தெரியலியே," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நானும் உள்ளுக்குள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"பாவம் பண்ணவங்க வீடா பாத்து அனுப்பறதில்லமா. நூத்தி இருபது பேர் நின்னா யாரோ ஒருத்தர் கைக்கு வரும். நம்ம கைக்கு வந்திருக்கு. தூக்கிக்க."

குழந்தையை அவர் மடியில் வைத்தாள். மாமியார் அதை ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஜோசியரிடம் போனார், பரிகாரம் செய்தார். ஆனால் அன்றைக்கே வெந்நீர் போட்டு, பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். இரண்டு நாளில் போவதாக வந்தவர் பயிர் அறுவடை வரைக்கும் இருந்தார். எனக்கோ, நாத்தனார் சொன்ன அந்த வார்த்தை ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. நான் செய்தது எதனாலும் இது வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

குழந்தையின் இதயத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர், பயப்படாதீங்க, தானாகவே மூடிக்கலாம் என்றார். பழைய நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்து வழியெல்லாம் பயந்திருப்பேன். இந்தத் தடவை நானே கேட்டேன்.

"இதே மாதிரி பத்து குழந்தைங்க இருந்தா, எத்தன பேருக்கு மூடிக்கும் சார்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாதிக்கும் மேலே என்று தைரியமாகச் சொல்லலாம், மூடாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன் என்று ஒரு படம் வரைந்து காட்டினார். வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த வருடம் அந்த ஓட்டை மூடியிருந்தது.

அரசு மருத்துவமனையில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வாரம் தவறாமல் போனோம். கைகால் வலுப்பட, விழுங்க, நிற்க, நடக்க ஒவ்வொன்றுக்கும் பயிற்சி. கடையை விட்டு நான் வர முடியாத நாட்களில் நாத்தனார் தூக்கிக்கொண்டு போவாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே படித்தாள். இரண்டு தேர்வில் தேறவில்லை. மூன்றாவதில் தேறி இப்போது வந்தவாசியில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

என் மகளுக்கு இப்போது நாலு வயது ஆகிறது. மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் நடந்துவிட்டாள். காலையில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்வாள். ஒரு ஆட்டோக்காரர் அவள் வணக்கம் வைக்காமல் முதல் சவாரிக்குக் கிளம்ப மாட்டார். சாம்பார் வாளியைக் கண்டால் மட்டும் அவளைப் பிடித்து வைக்க வேண்டும்.

பேச்சு தாமதமாகத்தான் வந்தது. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நாத்தனார் பையோடு இறங்குவதைப் பார்த்து, என் மகள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, தெளிவாக, "அத்த," என்றாள். அதுதான் அவளுடைய முதல் வார்த்தை. அம்மா என்று சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று தோன்ற, தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.