எலுமிச்சம்பழமும் வண்டிப் படியும்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, தெரியாத வண்டிக்கு மாதாமாதம் படி வாங்கிக்கொண்டிருந்தவன் நான். என் முட்டாள்தனங்களைத் தரம் பிரித்தால் முதல் பரிசு இதற்குத்தான். இரண்டாம் பரிசுக்கு வேண்டுமானால் போட்டி பலமாக இருக்கும்.

இன்று காலை ஆயுதபூஜைக்கு வீட்டு வண்டியைக் கழுவினோம். பேட்டரி வண்டி. சந்தனம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தைச் செருகும்போது ஏதோ குறைகிறதே என்று மூக்கு தேடியது. பெட்ரோல் வாசனை! எனக்குப் பெட்ரோல் என்றால் கூடவே ஊதுபத்தியும் மணக்கும். உங்களிடம் சொல்வதற்கென்ன, காரணம் இருக்கிறது.

வாலிப வயதில் மைசூருவில், மேட்டகள்ளிப் பக்கம் ஓர் ஊதுபத்திக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அதே நாளில், அதே வேலைக்கு, எல்லைப்புறத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து கோமதியும் வந்து சேர்ந்தாள். பக்கத்துப் பக்கத்து மேசை. எத்தனை துவைத்தாலும் போகாத அதே தாழம்பூ மணம் இருவர் உடுப்பிலும். என்.ஆர். மொகல்லாவில் என் அறை அவள் வரும் வழியில் இருந்ததால், தினமும் அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் போவேன். போய் இறங்கி, டீ நேரத்தில் நண்பர்களுக்குப் பிரசங்கம் செய்வேன். "ஒரு பொண்ணு ஓட்ற வண்டில கூச்சமே இல்லாம பின்னாடி உக்காந்து வரேனே, கவனிச்சீங்களாடா? இதுதாண்டா பெண்ணியம்!"

பெட்ரோல் பங்கில் மட்டும் இந்தப் பெண்ணியவாதிக்குச் செருப்பு வார் கழன்றுவிடும். குனிந்து மாட்டி நிமிர்வதற்குள் கோமதி காசு கொடுத்திருப்பாள். நான் கொடுத்தால் அவளுடைய சுயமரியாதை என்ன ஆவது? எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

சம்பளச் சீட்டில் 'வண்டிப் படி' என்று ஒரு வரி வரும். ஆண்கள் எல்லோருக்கும் உண்டு, பெண்கள் யாருக்கும் கிடையாது. வண்டி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. மீசை முளைத்தால் கூடவே வண்டியும் முளைத்துவிடும் என்று கம்பெனி நம்பியது. எனக்கு மீசையே சுமார்தான்.

ஒருநாள் கோமதி மேனேஜரின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குந்தானுங்க வண்டி இருக்குது. படி மட்டும் ஏன் சார் வரமாட்டேங்குது?"

"அது ஆம்பளைங்களுக்கும்மா. நாளைக்குக் குடும்பத்தைத் தாங்கறவங்க. நாளைக்குக் கல்யாணம் ஆனா உன்னை உன் வீட்டுக்காரர் கொண்டாந்து விடுவாரு, உனக்கெதுக்கு? பக்கத்து மேசைத் தம்பியப் பாரு, அவனும்தான் வாங்கறான், வாயத் திறக்கறானா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று குனிந்தேன். அன்றைக்கென்று வாரில்லாத ஷூ போட்டிருந்தேன்.

அந்த வாரமே ஆயுதபூஜை வந்தது. ஊழியர்களின் வண்டிகளையெல்லாம் கம்பெனி முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பூஜை போடுவது அங்கே வழக்கம். "படி வாங்கறவங்க அவங்கவங்க வண்டிகிட்ட நில்லுங்கப்பா" என்று மேனேஜர் குரல் கொடுத்தார். எந்தப் பக்கம் நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் கோமதி சாவியை நீட்டினாள்.

"படி வாங்கறவங்கதானுங்க நிக்கோணும். போய் நில்லுங்க."

சும்மா நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும், "ஸ்டார்ட் பண்ணு தம்பி, பழத்த நசுக்கு" என்றார் மேனேஜர். பேக்கிங் பிரிவுப் பெண்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கினேன். பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வண்டி துள்ளிப் பாய்ந்ததாம். நான் பிரசாதப் பொரி மூட்டைக்குள் தலைகுப்புறப் போனேனாம். எலுமிச்சம்பழம் ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டு மேனேஜர் காலடியில் போய் நின்றதாம்.

"ஏம்மா கோமதி, ஓட்டத் தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுக்கலாமா?"

"நீங்க படியே குடுத்தீங்களே சார்."

பேக்கிங் பெண்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் கொஞ்சம் ஆடித்தான் போனார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வர்றீங்க? பேசாம கல்யாணம் பண்ணிக்குங்க. படி ஒரே வீட்டுக்குத்தான் போகும். ஆய்த்து!" என்று கன்னடத்தில் வழக்கை முடித்துவைத்தார்.

தலையெல்லாம் பொரியோடு நின்ற எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. நான் சொல்லத் தைரியமில்லாமல் வைத்திருந்ததை மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே! சாயங்காலம் பின்சீட்டிலிருந்து மெல்லக் கேட்டேன். "மேனேஜர் சொன்னது நல்ல யோசனைதானே, கோமதி?"

ரயில்வே கேட்டருகே வண்டி நின்றது.

"எறங்குங்க."

"ரூம் இன்னும் தூரம்..."

"என்ற படியையும் வாங்கிக்கிட்டு என்னையும் வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா? மொதல்ல படி என் பேருக்கு வரட்டும். அப்பறம் பேசலாம்."

தசரா விடுமுறை முடிந்த நாளிலிருந்து எனக்கு நகரப் பேருந்து. பெண்ணியத்தைப் பற்றிப் பேசுவது எளிது. அதற்காக ஏழரை மணி பஸ்ஸில் தொங்குவது வேறு. அந்த வாரக் கடைசியில் வண்டி வைத்திருந்த பெண்களெல்லாம் கோமதியோடு போய் மேனேஜர் மேசையில் சாவிகளை வைத்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். வைக்கச் சாவி இல்லை. பஸ் டிக்கெட்டை வைத்து, "எனக்கு வண்டி கிடையாது சார், படிய நிறுத்திடுங்க" என்றேன்.

"ஆம்பளையா இருந்துக்கிட்டு இதை வெளிய சொல்றியே தம்பி" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அடுத்த மாதம், ஆணோ பெண்ணோ, வண்டி உள்ளவர்களுக்கே படி என்று ஆயிற்று. என் சம்பளம் இளைத்தது. நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். மறுநாள் காலை என் அறை வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிய மேளம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அடிப்படைச் சம்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசத்துக்காக அவள் கல்யாணத்துக்குப் பிறகும் சில வருஷம் சண்டை போட்டாள் என்பது வேறு கதை.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. தாழம்பூ மணம் சட்டையை விட்டுப் போய்விட்டது. கையில் மஞ்சளும் குங்குமமுமாக முற்றத்தில் அதட்டிக்கொண்டிருந்த மேனேஜரும் போய்விட்டார். பங்கில் குனிய வேண்டிய அவசியம்கூட இல்லை. வண்டிக்கு வீட்டிலேயே சார்ஜ், கரன்ட் பில் என் பெயரில்.

பூஜை முடிந்ததும், உறுமவே தெரியாத இந்த வண்டியின் முன்சீட்டில் உரிமையோடு ஏறி உட்கார்ந்து கேட்டேன். "கோமதி, இந்தத் தடவையாவது பழத்த நான் நசுக்கட்டுமா?"

"எறங்குங்க."